கள்ளியைத் தின்ற பூச்சி

1

2010 மே மாத லீவுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கிற அப்புச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் அப்பா. அவருக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம் இருந்தது, அதை ஒட்டி ஒரு புழுக்கொட்டகை. அந்த வருடம் மல்பெரி முழுக்க வெள்ளை பிடித்திருந்தது. இலைகளின் அடியிலும் கொழுந்திலும் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரி மாவுப்பூச்சி. இலை சுருண்டு தடித்துப்போயிருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

“மருந்து அடிக்க வேண்டியதுதானே அப்புச்சி?” என்று கேட்டேன். எனக்கு அப்போது பதினாலு வயது.

“அடிச்சா அது சாகும் கண்ணு. அந்தத் தழைய அறுத்துப் போட்டா நம்ம புழுவுமல்ல சாகும்?”

பட்டுப்புழு வளர்க்கிறவர்களின் சங்கடம் அது. தக்காளிக்கோ பருத்திக்கோ பூச்சி வந்தால் கடைக்காரர் கொடுப்பதை வாங்கி அடிக்கலாம். மல்பெரி இலையோ இன்னொரு பூச்சிக்குச் சாப்பாடு. அடித்த மருந்தின் வீரியம் குறையும்வரை புழுவைப் பட்டினி போட முடியாது. அப்படியே அடித்தாலும் இந்தப் பூச்சியின் மேலிருக்கும் மெழுகுமாவு மருந்தைச் சுலபத்தில் உள்ளே விடாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பார்த்தார், சோப்புக் கரைசல் அடித்துப் பார்த்தார், நுனிகளை வெட்டி எரித்தும் பார்த்தார். பத்து நாளில் திரும்ப வெள்ளை.

ஒரு சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: “அந்தக் காலத்துல இந்தக் காடு பூராவும் கள்ளியாக் கெடந்துச்சாமா. எங்கய்யன் சொல்லுவாரு. வெட்ட வெட்டத் தழைக்குமாமா. அப்புறம் கவர்மெண்டுல ஒரு பூச்சி கொண்டாந்து உட்டாங்களாமா. ரெண்டு மூணு வருசத்துல கள்ளி பூராத்தையும் தின்னு போட்டுதாமா. இதுக்கும் அப்படி ஒண்ணு எங்கியாச்சும் இருக்கோணும்.”

நான் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று என்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து, சாயங்களின் வரலாற்றைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்புச்சியின் பூச்சி எனக்கு மறுபடி அகப்பட்டது. அவர் சொன்னது உண்மை. அது மட்டுமில்லை, களைச்செடி ஒன்றை ஒழிக்க மனிதர்கள் பூச்சியை ஏவிவிட்டதாகப் பதிவாகியிருக்கும் சம்பவங்களில் மிகப் பழையது நம்முடைய தென்னிந்தியாவில்தான் நடந்திருக்கிறது. அது ஒரு வியாபாரத் தோல்வியிலிருந்து தொடங்கிய கதை.

2

முதலில் சிவப்பு. மெக்ஸிகோவின் ஓஹாக்கா பகுதியில் கள்ளி மட்டைகளின் மேல் வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு வாழும் சின்னப் பூச்சி ஒன்று உண்டு. பெயர் கொச்சினீல். பெண் பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாறு வரும். காய வைத்துப் பொடித்தால் உலகத்தின் மிகச் சிறந்த சிவப்புச் சாயங்களில் ஒன்று. ஒரு பவுண்டு எடை சாயப்பொருளுக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் தேவைப்பட்டன. மெக்ஸிகோவைப் பிடித்த ஸ்பெயின்காரர்கள் இந்த வியாபாரத்தைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து அவர்கள் கப்பலேற்றிய பொருள்களில் மதிப்பில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வாங்கிய ஐரோப்பியர்களுக்கு நீண்ட காலம் அது விதையா பூச்சியா என்பதே தெரியாது.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் இந்தப் பூச்சிதான். எதிரி நாட்டிடம் காசு கொடுத்துத் தன் அதிகாரிகளுக்கு நிறம் வாங்குவது எந்த அரசுக்கும் உறுத்தும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. இந்தியாவிலேயே கொச்சினீல் வளர்த்தால் என்ன?

அந்த ஆசையை அதிகம் வளர்த்தவர் மெட்ராஸில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்து மருத்துவர். கம்பெனியின் தலைமை மருத்துவர். ஆனால் மனசு முழுக்கத் தோட்டத்தில். 1786-இல் மெட்ராஸில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு இதுதான் கொச்சினீல் என்று நம்பி, லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அது வேறு பூச்சி. ஆண்டர்சன் சோரவில்லை. பூச்சி வருவதற்கு முன்பே அதற்குச் சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்று கள்ளித் தோட்டம் ஒன்று போட்டார். மெக்ஸிகோவில் கள்ளிக்கு நொப்பால் என்று பெயர். அதனால் அந்தத் தோட்டத்துக்கு நொப்பல்ரி என்று பெயர் வந்தது.

அது இருந்த இடம் சைதாப்பேட்டையை ஒட்டிய மர்மலாங். மாம்பலத்தை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். சிவப்புப் பட்டுச்சேலை வாங்க இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் இடிபடுகிறோமே, அதே மாம்பலம். இருநூறு வருடங்களுக்கு முன்னால் அதன் பக்கத்தில் ஓர் ஆள் கள்ளியை வரிசையாக நட்டு, சிவப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

3

பூச்சி வந்தது 1795-இல். இந்தியாவுக்கு வந்த கப்பல் ஒன்று ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது கேப்டன் நீல்சன் என்கிற அதிகாரி அங்கே கள்ளிச் செடிகளோடு பூச்சியையும் வாங்கி ஏற்றிக்கொண்டார். கல்கத்தா வந்து சேரும்போது மிச்சமிருந்த உயிர்ப்பூச்சிகள் கொஞ்சம்தான். அவை கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. அங்கே அவை விரும்பித் தின்று பெருகியது, சாயத்துக்கென்று சீராட்டிய கள்ளியில் அல்ல. ஏற்கனவே இந்தியாவில் வேலியோரமாக மண்டிக்கிடந்த இன்னொரு கள்ளியில். அதே வருடம் பூச்சி மெட்ராஸுக்கும் அனுப்பப்பட்டது.

வந்தது தவறான பூச்சி. மெக்ஸிகோ விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தது ஒரு வகை. பிரேசிலில் கிடைத்தது அதன் காட்டு உறவு. உடம்பு சின்னது, சாயமும் மட்டம். லண்டன் சந்தையில் மெக்ஸிகோச் சரக்கோடு போட்டி போட அதனால் ஆகவில்லை. ஆண்டர்சன் 1809-இல் இறந்தார். அவர் கனவு கண்ட கொச்சினீல் தொழில் இந்தியாவில் வேர் பிடிக்கவேயில்லை.

ஆனால் பூச்சி வேர் பிடித்துவிட்டது. அது தின்ற வேலியோரக் கள்ளிக்கு ஓபுன்ஷியா மோனகாந்தா என்று பெயர். அதன் சொந்த ஊரும் பிரேசில் பக்கம்தான். செடி மட்டும் கடல் கடந்து முன்னாலேயே வந்துவிட்டது. ஊரில் அதைத் தின்று அடக்கி வைத்திருந்த பூச்சி அங்கேயே நின்றுவிட்டது. எதிரி இல்லாத தேசத்தில் செடி காடானது. இப்போது சாயத்தின் பேரில், தெரியாத்தனமாக, ஒருவர் அந்த எதிரியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். பூச்சி தொட்ட இடத்திலெல்லாம் கள்ளி வதங்கிச் சரிந்தது.

கம்பெனியின் கணக்குப்படி இது நஷ்டம். சாயம் தரவேண்டிய செடியே செத்துப்போகிறது. ஆனால் யாரோ சிலர் அதே காட்சியை வேறு கண்ணால் பார்த்தார்கள். 1836-க்கும் 1838-க்கும் இடையில் இந்தப் பூச்சி தென்னிந்தியாவில் கள்ளி மண்டிய இடங்களுக்கு வேண்டுமென்றே கொண்டுபோகப்பட்டது. இந்த முறை சாயம் நோக்கமில்லை, கள்ளியைக் கொல்வதே நோக்கம். உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் களைகளைப் பற்றிய அத்தியாயத்தை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1865-க்குச் சற்று முன்னால் பூச்சி இங்கிருந்து இலங்கைக்குப் போனது. களையை அடக்க ஒரு நாடு இன்னொரு நாட்டிலிருந்து பூச்சி தருவித்ததற்கு முதல் உதாரணமாக அதைச் சொல்கிறார்கள். பிற்பாடு இலங்கையில் கிடைத்த மாதிரிகளை வைத்துத்தான் அந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள்: டாக்டிலோபியஸ் சிலோனிகஸ். ஊர் பிரேசில், பேர் சிலோன்.

4

அப்படியென்றால் அப்புச்சியின் அய்யன் பார்த்த கள்ளி எது? 1838-இல் அவர் இருந்திருக்க வாய்ப்பேயில்லை.

அது இரண்டாவது கள்ளி. இன்றைக்கும் ரோட்டோரம் மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமுமாக நாம் பார்க்கிற சப்பாத்திக்கள்ளி, இலங்கையில் நாகதாளி. சின்ன வயதில் சுணையைத் தரையில் தேய்த்து உதிர்த்துவிட்டு, பழத்தின் நடு முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுத் தின்று, நாக்கைச் சிவப்பாக்கி ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொள்வோமே, அது. இதன் அறிவியல் பெயர் ஓபுன்ஷியா தில்லேனி. மோனகாந்தா சரிந்த பிறகும் இது பரவிக்கொண்டே போனது. பிரேசில் பூச்சி இதைச் சீண்டவில்லை. இரண்டும் கள்ளிதானே என்று நமக்குத் தோன்றும். பூச்சிக்கு அப்படியில்லை.

இந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியா உள்ளே வருகிறது. அங்கே கள்ளிப் படையெடுப்பு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. 1920-களின் நடுவில் ஏறக்குறைய 6 கோடி ஏக்கர் நிலம் கள்ளியின் கையில். 1912-இல் குவீன்ஸ்லாந்து அரசு இரண்டு நிபுணர்களை உலகம் சுற்ற அனுப்பியது. எங்கே எந்தப் பூச்சி கள்ளியைத் தின்கிறது என்று பார்த்து வருவதுதான் வேலை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அவர்கள் வந்தார்கள். கள்ளி செத்து நின்ற இடங்களைப் பார்த்தார்கள். நமது பழைய பிரேசில் பூச்சி அப்படித்தான் ஆஸ்திரேலியா போனது. அங்கிருந்த மோனகாந்தாவைத் தின்று தீர்த்தது.

மற்றக் கள்ளிகளுக்கு ஆஸ்திரேலியர்கள் வேறு ஆட்களைத் தேடினார்கள். அர்ஜென்டினாவிலிருந்து 1925-இல் கொண்டுவந்த காக்டோபிளாஸ்டிஸ் என்கிற அந்துப்பூச்சியின் புழுக்கள் சில வருடங்களில் அந்தக் கள்ளிக் காட்டைக் கூழாக்கின. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்ற சிற்றூரில் 1936-இல் ஊர்மக்கள் கட்டிய பொதுமண்டபம் இன்னும் நிற்கிறது. அதன் பெயர் காக்டோபிளாஸ்டிஸ் நினைவு மண்டபம். பூச்சிக்கு மண்டபம் கட்டியவர்கள்!

அவர்கள் தேடிச் சேர்த்த பூச்சிகளில் வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு கொச்சினீலும் உண்டு, டாக்டிலோபியஸ் ஓபுன்ஷியே. அதை 1924 வாக்கில் இலங்கை ஆஸ்திரேலியாவிடமிருந்து வாங்கியது. இலங்கையில் அது நாகதாளியைக் காலி செய்தது. 1926-இல் அங்கிருந்து தென்னிந்தியா வந்தது. சில வருடங்களுக்குள் சப்பாத்திக்கள்ளிக் காடுகள் வெளுத்து, சுருங்கி, விழுந்தன. “கவர்மெண்டுல கொண்டாந்து உட்டாங்களாமா” என்று அப்புச்சி சொன்னது இந்தப் பூச்சியைத்தான்.

இங்கிருந்து இலங்கைக்கு, இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்ப இலங்கைக்கு, மறுபடி இங்கே. அறுபது வருட இடைவெளியில் ஒரு கடனை வாங்கித் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

5

இதுவரை படித்தவர்களுக்கு இது ஒரு வெற்றிக் கதையாகத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மடகாஸ்கரைப் பற்றி வாசிக்கிறவரை.

மடகாஸ்கரின் தெற்குப் பகுதி வறண்ட பூமி. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மோனகாந்தா அங்கே பரவியது. நம் ஊரில் களையாக இருந்த அதே கள்ளி. அங்கே வாழும் அந்தந்த்ராய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். கோடையில் புல் காய்ந்து தண்ணீர் வற்றினால், கள்ளி மட்டையின் முள்ளை நெருப்பில் பொசுக்கி மாட்டுக்குப் போடுவார்கள். தீனியும் அதுதான், தண்ணீரும் அதுதான். பழத்தை மனிதர்கள் தின்றார்கள். ஊரைச் சுற்றிக் கள்ளியே கோட்டை மாதிரி நின்றது. பிரெஞ்சுப் படைகள் உள்ளே நுழையத் திணறிய அளவுக்கு.

1920-களில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், கொச்சினீல் அந்தத் தீவுக்குள் வந்தது. முதலில் விடப்பட்டது நடுவே இருக்கிற தலைநகரம் அந்தனநரிவோவில். சில வருடங்களில் அது தெற்கே இறங்கியது. 1930-ஐ ஒட்டி அந்தந்த்ராய் நாட்டில் கள்ளியே இல்லை. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பஞ்சம் வந்தது. ஜனங்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறினார்கள். காரென் மிடில்டன் என்ற மானுடவியலாளர் 1999-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: மலகாசிக் கள்ளியைக் கொன்றது யார்?

அதே கள்ளி, அதே குடும்பத்துப் பூச்சி. பூச்சி இரண்டு இடத்திலும் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தது. நில வரி வாங்குகிறவனுக்கு அது களை. மாட்டை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது தீவனம். எந்த ஊரில் யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் வேலி கட்டக் காசில்லாதவனின் வேலி கள்ளிதான். பஞ்ச காலத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டவர்கள் இந்தியாவிலும் உண்டு. கள்ளி ஒழிந்ததைப் பற்றி அவர்களிடம் கேட்டிருந்தால் வேறு கதை கிடைத்திருக்கலாம். நான் கேட்டது நிலம் வைத்திருந்தவரின் பேரன் சொன்ன கதை. நான் அவருடைய பேரன்.

இப்போதும் இது முடியவில்லை. 1926-இல் நம்மைக் காப்பாற்றிய அதே டாக்டிலோபியஸ் ஓபுன்ஷியே 2014-இல் மொராக்கோவில் தென்பட்டது. அங்கே கள்ளிப்பழம் ஏழை விவசாயியின் பயிர், வருமானம், வேலி எல்லாம். தோப்பு தோப்பாக அழிந்துவிட்டது. அந்தப் பூச்சியைத் தின்கிற பொறிவண்டைத் தேடி விஞ்ஞானிகள் இப்போது மெக்ஸிகோ பக்கம் போகிறார்கள்.

6

மல்பெரிக்கு வருகிறேன்.

அப்புச்சியின் தோட்டத்தில் இருந்தது பப்பாளி மாவுப்பூச்சி. பிறந்த ஊர் மெக்ஸிகோ. அங்கே அது யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. அதை அடக்கும் குளவிகள் கூடவே இருந்தன. தனியாகப் புறப்பட்டு நாடு நாடாக வந்து, 2008-இல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, மல்பெரி என்று எதில் ஏறியதோ அதைச் சப்பிப் போட்டது. கள்ளியின் கதைதான் திரும்ப நடந்தது. வந்தவன் வந்துவிட்டான், எதிரி ஊரிலேயே நின்றுவிட்டான்.

எதிரியின் பெயர் அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி. நம்மைக் கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மாவுப்பூச்சியின் குஞ்சுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு அதை உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பிக் காய்ந்து கூடாகும். கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். இலங்கை 2009-இலேயே இதைக் கொண்டுவந்து விட்டது. நமக்கு 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. உடனே வெளியே விடவில்லை. பூட்டிய ஆய்வகத்தில் வைத்து, வேறு எதையும் தாக்குகிறதா என்று பார்த்த பிறகு, அக்டோபரில் தமிழ்நாட்டில் விட ஆரம்பித்தார்கள்.

2008-க்கும் 2010 அக்டோபருக்கும் நடுவில் இரண்டு வருடம். அப்புச்சி அந்தப் புரட்டாசியில் பாதித் தோட்டத்தை வேரோடு பிடுங்கிப் போட்டார். அறுபத்தெட்டு வயதில் கடப்பாரையோடு தானே நின்று பிடுங்கினார் என்று அம்மிச்சி சொன்னார். புழுக்கொட்டகைக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. அடுத்த தை மாதம், பொங்கல் லீவுக்கு நான் போயிருந்த சமயம், அதிகாரி ஒருவர் பைக்கில் வந்தார். பையிலிருந்து பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். உள்ளே மிளகைவிடச் சின்னதாகப் புள்ளிகள் நகர்ந்தன.

அப்புச்சி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, இது பூராத்தையும் தின்னு தீந்துபோச்சுன்னா, அப்புறம் எதத் திங்கும்?”

“வேற எதையும் தொடாதுங்க. அது கொறஞ்சா இதுவும் கொறஞ்சிரும். கொஞ்சம் அதுவும் இருக்கும், கொஞ்சம் இதுவும் இருக்கும்.”

“நம்ம புழுவத் தொடாதில்லீங்?”

“தொடாதுங்க. அதப் பாத்துட்டுத்தான் உட்டிருக்காங்க.”

1836-இல் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டு, பரிசோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் அதிர்ஷ்டம், பூச்சி கள்ளியோடு நின்றது. மடகாஸ்கரில் கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை. அந்தப் பாடங்களெல்லாம் சேர்ந்துதான் பெங்களூரில் குளவியை வாரக்கணக்கில் பூட்டி வைத்தது. அந்தப் பொறுமை அவசியம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் தாமதத்தில் எவ்வளவு பங்கு அந்தப் பொறுமைக்குச் சேரும், எவ்வளவு வெறும் மெத்தனத்துக்குச் சேரும் என்று யோசிக்கும்போதெல்லாம் பிடுங்கிப் போட்ட மல்பெரி வேர்கள் கண்முன் வருகின்றன. சோதனை செய்யச் சில மாதங்கள் போதுமாக இருந்தது. அதைத் தொடங்கவே இரண்டு வருடம் ஆனது.

அந்தக் கோடைக்குள் மிச்சமிருந்த முக்கால் ஏக்கர் தெளிந்துவிட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளையின் நடுவே ஓட்டை விழுந்த பழுப்புக் கூடுகள். பிடுங்கிய பாதியில் அப்புச்சி மறுபடி மல்பெரி வைக்கவில்லை. தென்னங்கன்று நட்டார். இப்போது அவர் இல்லை. தென்னை காய்க்கிறது. அதற்கும் வெள்ளை ஈ வந்துவிட்டது என்று போன மாதம் மாமா போனில் சொன்னார். “மருந்து அடிக்க வேண்டாங்கறாங்க மாப்ள. அதுக்கும் ஒரு குளவி இருக்குதாமா.”

போன தடவை போனபோது வேலியோரம் ஒரு சப்பாத்திக்கள்ளியைப் பார்த்தேன். ஒற்றைச் செடி. மட்டையில் அங்கங்கே வெள்ளைப் பஞ்சு. குச்சியால் ஒன்றை நசுக்கினேன். நல்ல சிவப்பு. அந்தச் செடி சாகவுமில்லை, காடாகவுமில்லை.